பழைய குரூசர் ஒன்று கைமாறியது: மதுரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, என் அக்கா மகன் பழைய குரூசர் பைக் ஒன்று வாங்கக் கிளம்பினான். வயது 27. திருமங்கலத்தில் வீடு, மதுரையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை. போக வர தினமும் 40 கிலோமீட்டர். அதுவரை 110 சிசி வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தான். நான்குவழிச் சாலையில் பஸ்ஸோ லாரியோ பக்கத்தில் கடக்கும்போது அந்தக் காற்றுக்கே வண்டி ஆடுகிறது என்பதுதான் அவன் முதல் குறை. கொஞ்சம் கனமான வண்டி வேண்டும். ஆனால் ஆள் உயரம் கம்மி, உயரமான சீட் ஒத்துவராது. அந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது குரூசரில்தான். பஜாஜ் அவெஞ்சர் 220 சீட்டின் உயரம் 737 மி.மீ., ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 சீட்டின் உயரம் 765 மி.மீ. சிக்னலில் இரண்டு காலையும் முழுசாக ஊன்றி நிற்கலாம்.

புது மீட்டியார் அவன் கைக்கு எட்டவில்லை. கையில் இருந்தது 1,25,000 ரூபாய். அதிலும் 15,000 ரூபாயை வாங்கிய பிறகு வரும் வேலைக்கென்று முதலிலேயே ஒதுக்கி வைத்தான். இதை அவனாகவே செய்தான். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒதுக்கீடுதான் தைரியம் கொடுத்தது.

தேடலை ராயல் என்ஃபீல்டின் பழைய குரூசரான தண்டர்பேர்டு 350 எக்ஸ் என்ற மாடலோடு நிறுத்திக்கொண்டோம். தண்டர்பேர்டு 2002இல் வந்தது. எக்ஸ் 2018இல் வந்தது: அலாய் வீல், டியூப்லெஸ் டயர். 2020இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது தயாரிப்பு நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் மீட்டியார் அதன் இடத்துக்கு வந்தது. நின்றுபோன மாடலை வாங்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். இதில் இருப்பது அந்தக் காலத்து கிளாசிக் 350இல் இருந்த அதே 346 சிசி இஞ்சின். மதுரையில் புல்லட் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். அதனால் மாடல் நின்றதை நாங்கள் குறையாக எடுக்கவில்லை.

அவன் கூடவே நான் தேடலின் முதல் நாளிலிருந்து ஆர்சி அவன் பெயருக்கு வந்தது வரை இருந்தேன். தெப்பக்குளம் பக்கம் புல்லட் வண்டிகளை மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனையும் துணைக்கு அழைத்தோம். அவர் வருவதற்கு முன்பே போனில் ஒன்று சொன்னார். அதுதான் கடைசி வரை எங்களுக்கு அளவுகோலாக இருந்தது: “தம்பி, பழைய வண்டின்னா குறை இருக்கத்தான் செய்யும். காசு போட்டா சரியாகுற குறையா, காசு போட்டாலும் சரியாகாத குறையான்னு மட்டும் பாருங்க.”

முதல் வண்டி

பைபாஸ் ரோட்டில் பழைய வண்டி விற்கிற ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் இருந்தது. 2018 மாடல், கர்நாடகா பதிவு, கேட்ட விலை 95,000. பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போகிற மாதிரி வைத்திருந்தார்கள். டேங்க் பளபளவென்று இருந்தது, சீட் கவர் புதுசு, சைலன்சர் மட்டும் வெளியில் வாங்கி மாட்டியது. மீட்டரில் 22,000 கிலோமீட்டர்.

நாங்கள் போனது சாயங்காலம். மெக்கானிக் அண்ணன் சாவியை வாங்கவில்லை. நேராகப் போய் இஞ்சின் பக்கத்தில் புறங்கையைக் காட்டினார். நல்ல சூடு. வண்டியை அன்றைக்கு யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று கடைக்காரர் அப்போதுதான் சொல்லியிருந்தார். அண்ணன் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “நாளைக்குக் காலைல வர்றோம், நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்ணே” என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

சூடான இஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். இரவு முழுக்க ஆறிக் கிடந்த இஞ்சினை எழுப்பும்போதுதான் வால்வு சீல் தேய்ந்திருந்தால் முதல் புகை நீலமாக வரும், பேட்டரியின் உண்மையான பலம் தெரியும், சோக் போட்டால் ஐடிலிங் அணையாமல் நிற்கிறதா என்று தெரியும். இந்த இஞ்சினில் வால்வைத் தள்ளுவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டேப்பெட். ஆறிய நிலையில் எழுப்பினால் சில நொடி டிக் டிக் சத்தம் வந்து, ஆயில் ஏறியதும் அடங்கிவிடும், அது இயல்பு. அடங்காமல் தொடர்ந்தால்தான் உள்ளே வேலை இருக்கிறது.

மறுநாள் காலை இஞ்சின் இந்தச் சோதனையில் தேறிவிட்டது. புகை இல்லை, சத்தம் அடங்கியது. அவன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதற்கப்புறம் அண்ணன் முன்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

நூல் பிடித்துப் பார்த்தது

முதலில் கண்ணில் பட்டவை சின்ன விஷயங்கள். முன் இண்டிகேட்டர் இரண்டும் ஒரே வயசு இல்லை. ஹெட்லைட் கண்ணாடி புதுசு, ஆனால் அதைத் தாங்குகிற பிராக்கெட்டில் பழைய கீறல். இடது கைப்பிடி முனை மட்டும் மாற்றியது. நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்த வண்டியிலும் இதெல்லாம் இருக்கும், அதனால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்னைப் பின்பக்கம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். முன் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பினார். நடுவில் வரும்போது லேசாக ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்று நகர்ந்தது. ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. இது காசு போட்டால் சரியாகும், பெரிய செலவும் இல்லை.

பிறகு டார்ச் அடித்து, ஹேண்டில் சேசிஸோடு சேரும் நெக் பகுதியைப் பார்த்தார். ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பும்போது போய் முட்டி நிற்க சேசிஸில் சின்ன ஸ்டாப்பர் இருக்கும். வலது ஸ்டாப்பர் கூர்மையாக, கம்பெனி பெயின்ட்டோடு இருந்தது. இடது ஸ்டாப்பர் நசுங்கி, அதைச் சுற்றி மட்டும் கறுப்பு பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். பெயின்ட் செதிலாக வந்தது, அடியில் அரம் வைத்துத் தேய்த்த கோடுகள். முன் சக்கரம் எதிலோ பலமாக மோதி, ஹேண்டில் ஒரு பக்கமாக வீசி அடித்தால்தான் ஸ்டாப்பர் இப்படி நசுங்கும். இந்த வண்டிக்கு சேசிஸ் நம்பரும் நெக் பகுதியில்தான் அடித்திருக்கும். எழுத்துகள் தெளிவாக, ஆர்சியில் உள்ளபடியே இருந்தன, அதில் கை வைக்கவில்லை.

சேசிஸ் வளைந்திருக்கிறதா என்பது இன்னும் தீராத கேள்வி. பையிலிருந்து கொத்தனார் நூல் ஒன்றை எடுத்தார். முதலில் செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். பின் சக்கரமே கோணலாக இருந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. சரியாக இருந்தது. ஹேண்டிலை நேராக வைத்து, பின் டயரின் இரண்டு பக்கத்தையும் ஒட்டியபடி நூலை முன் சக்கரம் வரை இழுத்துப் பிடித்தோம். பின் டயரின் அகலம் 120 மி.மீ., முன் டயர் 90 மி.மீ. ஆக, முன் டயருக்கும் நூலுக்கும் இடையே பக்கத்துக்கு 15 மி.மீ. போல இடைவெளி இருக்க வேண்டும். இங்கே இடது பக்கம் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. வலது பக்கம் சுண்டுவிரல் நுனிகூடப் போகவில்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வளைந்திருக்கலாம், அதை மாற்றிவிடலாம். ஆனால் நசுங்கிய ஸ்டாப்பரையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், அடி நெக் வரை போயிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டிப் பார்த்தபோதும் அதுதான் தெரிந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் பிடியை லேசாக்கினால் வண்டி தானாக இடப்பக்கம் இழுத்தது. “மாமா, நேரா போகல” என்று இறங்கினான். கடைக்காரரிடம் கேட்டதற்கு, “லேசா ஒரு தட்டு தட்டுச்சு தம்பி, அலைன்மென்ட் பண்ணா சரியாயிடும்” என்றார். அலைன்மென்ட் செய்து கொடுப்பதாகவும் 5,000 ரூபாய் குறைப்பதாகவும் சொன்னார்.

எடுத்த முடிவு: வேண்டாம். 190 கிலோ எடை போல உள்ள வண்டி, தினமும் நான்குவழிச் சாலையில் ஓடப்போகிறது. அவசரமாக பிரேக் பிடிக்கும்போது முழு எடையும் அந்த நெக்கில்தான் வந்து விழும். விலை எவ்வளவு குறைந்தாலும் அது அப்படியேதான் இருக்கும்.

காகிதத்திலும் இந்த வண்டி தேறவில்லை. ஆர்சியில் பெங்களூருக்காரர் ஒருவரின் பெயர், அவரைக் கடைக்காரரே பார்த்ததில்லை. படிவம் 28இல் வாங்க வேண்டிய கர்நாடகா என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லை. வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி இங்கே பதிவு மாற்ற வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். 95,000 என்பது அதையெல்லாம் சேர்க்காத விலை. பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரலில் இருந்து ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டபோது இந்தக் கடையில் பதில் இல்லை. நேர்மையாக நடத்துகிற கன்சல்டிங் மதுரையில் நிறைய இருக்கிறது, சான்றைக் கேட்டால் அவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

இரண்டாவது வண்டி

இரண்டு வாரம் கழித்து, தெரிந்தவர் மூலமாகத் திருநகரில் ஒரு வண்டி வந்தது. விற்பவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர். இரண்டு பிள்ளைகளும் வளர்ந்துவிட்டதால் வீட்டில் ஸ்கூட்டர்தான் ஓடுகிறது, இந்த வண்டி நிற்கிறது என்றார். அதே எக்ஸ் மாடல், 2019 மார்ச் பதிவு, மதுரை தெற்கு எண்ணான டிஎன் 58. முதல் உரிமையாளர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு, 31,000 கிலோமீட்டர். கேட்ட விலை 1,20,000.

பார்க்க அழகாக இல்லை. டேங்க்கில் பெல்ட் பக்கிள் கீறல், சைலன்சர் வளைவில் துரு, முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்து மண் ஒட்டிய கறை. அவனுக்கு மனசு ஒட்டவில்லை என்பது தெரிந்தது. அண்ணன் பழையபடி நெக்கில் இருந்து ஆரம்பித்தார். ஸ்டாப்பர் இரண்டும் கம்பெனி பெயின்ட்டோடு இருந்தன. நூல் பிடித்தபோது இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. கோன் செட்டில் லேசான ஆட்டம் மட்டும் இருந்தது. அவருக்கு அதுவே பாதித் திருப்தி.

இஞ்சின் முழுசாக ஆறியிருந்தது. செல்ஃப் அழுத்தினார். முதல் தடவை மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று சுற்றியது, இஞ்சின் திரும்பவில்லை. இரண்டாவது தடவை ‘கடக்’ என்று ஒரு சத்தத்தோடு பிடித்து ஸ்டார்ட் ஆனது. அண்ணன் எங்களைப் பார்த்தார். இதுதான் ஸ்ப்ராக் கிளட்ச். செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை இஞ்சினுக்குக் கொடுத்து, இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் விட்டுவிடும் ஒருவழி கிளட்ச் அது. பேட்டரி பலவீனமாக இருக்கும்போது மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தால் இஞ்சின் பின்பக்கமாக உதைத்து அது கெட்டுப்போகும். இந்த இஞ்சினில் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம். கிக்கர் இருப்பதால் வண்டி நடுவழியில் நிற்காது. மாற்றுவதென்றால் பக்கத்துக் கவரைத் திறக்க வேண்டும், செலவு உண்டு, ஆனால் காசு போட்டால் சரியாகிற குறைதான்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்தார். ஆயில் கண்ணாடியில் அளவு சரி. செயினைப் பின் ஸ்பிராக்கெட்டிலிருந்து விரலால் இழுத்தால் பல் தெரியும் அளவுக்கு எழுந்தது, செயின் செட் மாற்ற வேண்டும். டேங்க்கைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துரு இல்லை. நாள் கணக்கில் கொஞ்சம் பெட்ரோலோடு நிற்கிற வண்டிக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது, வண்டி நகர்ந்ததும் அணைந்தது. சாவி போடும்போதே அந்த விளக்கு எரியாத வண்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும், கோளாறு தெரியக் கூடாது என்று யாராவது விளக்கைப் பிடுங்கியிருக்கலாம்.

டயரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தோம். பக்கச்சுவரில் கடைசியாக உள்ள நான்கு இலக்கம், தயாரித்த வாரமும் ஆண்டும். முன் டயரில் 0519, அதாவது 2019ஆம் ஆண்டின் 5ஆவது வாரம். மார்ச்சில் பதிவான வண்டிக்கு அது கம்பெனியில் இருந்தே வந்த டயர். பட்டன் பாதிக்கு மேல் இருந்தாலும் பக்கச்சுவரில் முடி போல வெடிப்புகள் ஓடின. பின் டயர் 2022இல் மாற்றியது. மீட்டர் காட்டும் 31,000க்கு இது பொருந்துகிறது. கால் வைக்கிற ரப்பரின் தேய்மானமும், சர்வீஸ் புத்தகத்தில் வரிசையாக ஏறிக்கொண்டு போன கிலோமீட்டர் கணக்கும் ஒத்துப்போயின. மீட்டரில் கை வைத்தால் இத்தனை இடத்திலும் கணக்கைச் சரிக்கட்டுவது கஷ்டம்.

திருநகரில் இருந்து தோப்பூர் விலக்கு வரை ஓட்டினான். ஐந்தாவது கியரில் குறைந்த வேகத்தில் இருந்து ஆக்சிலேட்டரைத் திருகினால், சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் போகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் அண்ணன். அப்படி ஆகவில்லை, கிளட்ச் பிளேட் நன்றாக இருந்தது. வண்டியும் நேராக ஓடியது. திரும்பி வந்தவன் டேங்க் கீறலைப் பற்றிப் பேசவே இல்லை.

காகிதம்

வண்டியில் தேறியது, காகிதத்தில் சிக்கியது. ஆர்சியில் எச்பி, அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்போடு, ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. கடனை 2022இலேயே கட்டி முடித்துவிட்டதாக விற்பவர் சொன்னார். அது உண்மை, கடன் பாக்கி இல்லை என்று அந்த நிறுவனம் கொடுத்த என்ஓசி கடிதத்தையும் எடுத்து வந்து காட்டினார். ஆனால் அதை ஆர்டிஓவில் கொடுத்து எச்பியை நீக்காமல் பீரோவில் வைத்துவிட்டார். கடிதத்தில் செல்லுபடிக் காலம் போட்டிருந்தது, அது தாண்டிப் போயிருந்தது. நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் எச்பி நீங்காது, எச்பி நீங்காமல் பெயர் மாற்றமும் நடக்காது. புதுக் கடிதம் வாங்க வேண்டும்.

“பேப்பர் மெதுவா வரட்டும் தம்பி, வண்டிய இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க” என்றார் விற்பவர். நல்ல மனசோடுதான் சொன்னார். நாங்கள் எடுக்கவில்லை. வண்டியை விற்றுவிட்டாலும், விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, பெயர் மாறாமல் வண்டி எங்கள் கைக்கு வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது விற்பவர்தான். அதை அவரிடம் விளக்கமாகச் சொன்னோம். அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை, கேட்டதும் வண்டி தன் வீட்டிலேயே நிற்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

விலையை அங்கேயே பேசி முடித்தோம். ஸ்ப்ராக், செயின் செட், முன் டயர், ஃபோர்க் சீல், கோன் செட் என்று அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தார். வாதாடவில்லை. அவர் கூட்டிப் பார்த்துவிட்டு 1,08,000க்கு வந்தார். குறையை மொத்தமாகச் சொல்லி விலை கேட்டால் மனஸ்தாபம்தான் வரும். இப்படிக் கணக்காக வைத்தால் இரண்டு பேருக்கும் அது நியாயமாகப் படுகிறது. 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, மீதி எச்பி நீங்கி பெயர் மாற்ற மனு போடும் நாளில் என்று முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று அவர் சொன்னதைப் பாலிசி நகலை வாங்கிப் படித்தோம். 2018 செப்டம்பரில் இருந்து புது டூவீலருக்கு 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். அது இந்த வண்டிக்கும் இருந்தது, மார்ச்சில் முடிகிறது. ஆனால் சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி முதல் ஆண்டோடு நின்றுபோயிருந்தது. அவர் ஏமாற்றவில்லை, 5 ஆண்டு என்று எழுதியிருந்ததை எல்லாவற்றுக்கும் என்று நினைத்திருந்தார்.

இடையில் வந்த தடங்கல்

புது என்ஓசி வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பிப்ரவரிக் கடைசியில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 எல்லாம் தயார் செய்து மனு போடப் போனால் நிலுவையில் ஒரு அபராதம் காட்டியது. ஜனவரிக் கடைசியில் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நாங்கள் பார்த்தபோது ஒன்றும் இல்லை. இடைப்பட்ட நாளில் விற்பவரின் உறவுக்காரர் ஒருவர் வண்டியை எடுத்துப் போயிருக்கிறார், பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் போடவில்லை, கேமராவில் பதிவாகிவிட்டது. விற்பவர் வருத்தப்பட்டு அன்றே கட்டினார். ஆனால் கட்டியது கணினியில் ஏறி மனு நகர இன்னும் சில நாள் ஆனது. எச்பி நீக்கமும் பெயர் மாற்றமும் மார்ச் மாதத்தில் முடிந்தன. அப்புறம்தான் மீதிப் பணம் கை மாறியது.

கைக்கு வந்த பிறகு

முதல் வாரத்திலேயே முன் டயர், ஃபோர்க் ஆயில் சீல், கோன் செட், செயின் செட் நான்கையும் மாற்றினோம். ஓட்டத்தின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட எதையும் தள்ளிப்போடக் கூடாது என்பதில் அண்ணன் கறாராக இருந்தார். ஸ்ப்ராக்கை மட்டும் தள்ளினோம். புதுப் பேட்டரி போட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கரில் செய்யச் சொன்னார். அப்படியே இரண்டு மாதம் ஓடியது. மே மாதத்தில் செல்ஃப் முழுசாகவே பிடிக்காமல் போனது. மாற்றுவதற்கு 7,000 ரூபாய்ச் சொச்சம் ஆனது. மொத்தத்தில் ஒதுக்கி வைத்த 15,000ஐத் தாண்டி, வண்டி விலையில் மிச்சமானதையும் கொஞ்சம் தொட்டது, 1,25,000ஐத் தாண்டவில்லை. இஞ்சினுக்குள் வேறு வேலை இதுவரை வரவில்லை.

இன்சூரன்ஸ், ஆர்சி அவன் பெயருக்கு வந்ததும் அவன் பெயரிலேயே புதிதாக எடுத்தது. சொந்தச் சேதப் பகுதி விட்டுப்போன வண்டி என்பதால் நிறுவனத்தின் ஆள் நேரில் வந்து போட்டோ எடுத்துப் போனார். நஷ்ட ஈடு கேட்காத ஆண்டுகளுக்காக விற்றவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வாங்குபவருக்கு வராது, அது ஆளோடு போவது. அதனால் பிரீமியம் நாங்கள் நினைத்ததை விடக் கூடுதலாகவே வந்தது.

அடுத்த முறை மாற வேண்டியவை

வரிசை மாற வேண்டும். நாங்கள் வண்டியை முதலில் பார்த்து, பிடித்த பிறகு காகிதத்துக்குப் போனோம். வண்டி நம்பரைக் கேட்டு வாங்கி எம்பரிவாஹன் செயலியில் போட்டிருந்தால், எந்த ஆண்டுப் பதிவு, இன்சூரன்ஸ் எதுவரை, எச்பி இருக்கிறதா என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்திருக்கும். புது என்ஓசிக்கு விற்பவர் இரண்டு வாரம் முன்னாலேயே எழுதியிருக்கலாம். வெளிமாநில வண்டி என்றால் என்ஓசி கையில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டு, இல்லையென்றால் பைபாஸ் ரோட்டுக்குப் போகாமலே இருந்திருக்கலாம்.

அபராதத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும்: பேசி முடிக்கும் நாளில் ஒரு தடவை, மனு போடும் நாளுக்கு முந்தைய நாள் ஒரு தடவை. அட்வான்ஸ் கொடுத்த நாளில் இருந்து வண்டியை யாரும் எடுக்கக் கூடாது என்று முத்திரைத்தாளிலேயே ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தத் தாமதம் வந்திருக்காது.

ஸ்ப்ராக்கைத் தள்ளிப்போட்டது சரியா என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. அது பாதுகாப்புக் குறை இல்லை, கிக்கர் இருக்கிறது என்பது அவர் வாதம். கெடும் என்று தெரிந்த பாகத்தை மற்ற வேலையோடு சேர்த்து முடித்திருந்தால் வண்டி இன்னொரு முறை ஒர்க்ஷாப்பில் நிற்க வேண்டியிருக்காது, அவனும் நான்கு நாள் பஸ்ஸில் போயிருக்க மாட்டான் என்பது என் எண்ணம். கையில் காசு இருந்தது என்பதால் இதைச் சொல்கிறேன். இல்லாதவருக்கு அண்ணன் சொன்ன வழிதான் சரி.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். பெயர் மாறிவிட்டதா என்று செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடன் முடிந்து என்ஓசி வந்தால் பீரோவில் வைக்காதீர்கள். இந்த வண்டியை விற்றவர் வீட்டில் அவர் மனைவியின் ஸ்கூட்டருக்கும் கடன் முடிந்து எச்பி அப்படியே இருந்தது. எங்கள் மனுவோடு சேர்த்து அதற்கும் அன்றே மனு போட்டுவிட்டார்.